மெதுவாகச் செல்லும் குண்டு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில், ஆர்கன்சா மாநிலத்தின் வடமேற்கு மூலையில், ராஜர்ஸ் என்றோர் ஊர் உண்டு. கோடைக்காலம் வந்துவிட்டால், 8 வயது முதல் 15 வயது வரையுள்ள சிறுவர் சிறுமியர் பல மாநிலங்களிலிருந்தும் தத்தம் குழுவினரோடும் பயிற்றுநரோடும் அவ்வூருக்கு வந்து சேர்ந்து, பி.பி. துப்பாக்கி என்று வழங்கும் சிறிய காற்றுத் துப்பாக்கியால் குறி பார்த்துச் சுடும் தேசியப் போட்டியில் கலந்துகொள்கிறார்கள். இலக்கு 5 மீட்டர் தூரத்தில் இருக்கும். படுத்தும், உட்கார்ந்தும், முழந்தாளிட்டும், நின்றும், நிலைக்குப் பத்துக் குண்டுகள் வீதம் சுட வேண்டும். நிலை ஒவ்வொன்றுக்கும் 100 புள்ளிகள். இவற்றோடு ஐந்தாவதாக இன்னொரு 100 புள்ளிகளும் உண்டு. அவற்றைப் பெறுவதற்குத் துப்பாக்கி பயன்படாது. பேனாவோ பென்சிலோதான் பயன்படும். பாதுகாப்பு விதிகள், துப்பாக்கியின் உறுப்புக்கள், சுடும் முறை, போட்டியின் ஒழுங்குகள் ஆகியவற்றைப் பற்றிய வினாத்தாளுக்கு ஒவ்வொரு குழந்தையும் உட்கார்ந்து விடை எழுதியாக வேண்டும்.

குறி தவறாத கையும் கண்ணும் படைத்த ஒரு சிறுவன் வினாத்தாளில் சறுக்கிப் பரிசை இழப்பது இப்போட்டியில் நடக்கக்கூடியதே. இது கடுமையான ஏற்பாடு என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கோ இப்போட்டியின் சிறப்பெல்லாம் இதில்தான் அடங்கியிருப்பதாகப் படுகிறது. ஒரு சாதனத்தைக் கையாளும் உரிமை அச்சாதனத்தின் இயல்பை அறிந்தவனுக்கே உண்டு என்ற கொள்கையை, பெரியவர்களின் உலகம் வாயளவில் ஒப்புக்கொண்டு செயலில் கைவிட்டுவிட்ட நிலையில், எட்டு வயதுக் குழந்தைகளின் விளையாட்டு ஒன்று அதனைப் புள்ளிக் கணக்கிலேயே ஏற்றி வைத்திருப்பது போற்றத்தக்கது.

காற்றைக் கொண்டு குண்டு எறியும் கலை புதியதன்று. 1780ஆம் ஆண்டை ஒட்டி ஆஸ்திரியப் படையினர் ஜிராண்டோனி என்பவர் அமைத்த காற்றுத் துப்பாக்கியைப் போரிலேயே பயன்படுத்தத் தொடங்கினர். 1804இல் அமெரிக்கக் கண்டத்தின் மேற்குக் கரையை நாடிப் புறப்பட்ட லூயிஸ், கிளார்க் என்னும் இருவரின் குழுவும் ஒரு காற்றுத் துப்பாக்கியை உடன்கொண்டு சென்றது. சிறுவர் கைக்கு அது வந்த வரலாறு வேறு. மிச்சிகன் மாநிலத்துப் பிளிமத் நகரில், பண்ணைகளுக்கு நீர் இறைக்கும் காற்றாலைகளைச் செய்து விற்பதற்காக 1882இல் ஒரு கம்பெனி ஏற்பட்டது. கிளாரன்ஸ் ஹாமில்டன் என்பவர் உலோகத்தால் ஆன ஒரு சிறு காற்றுத் துப்பாக்கியை அமைத்து அக்கம்பெனியாரிடம் கொண்டுவந்து காட்ட, அவர்கள் முதலில் அதனைக் காற்றாலை வாங்கும் குடியானவர்களுக்கு இனாமாகக் கொடுத்து வந்தார்கள். நாளடைவில் ஆலையை விட இனாமுக்கே கிராக்கி மிகுந்து போயிற்று. 1895இல் கம்பெனியின் பெயரே டெய்ஸி என்று மாறியது. 1958இல் அது ராஜர்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. காற்றைப் பிடித்து நீர் இறைக்கத் தொடங்கியவர்கள், காற்றை அடைத்துக் குண்டு எறிவதில் பெயர் பெற்றார்கள்.

இப்போட்டிக்கென்றே அமைந்த டெய்ஸி 499 என்னும் துப்பாக்கியைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். எடை ஏறத்தாழ ஒன்றரைக் கிலோகிராம். ஒரு தடவைக்கு ஒரே குண்டு. குண்டு என்பது கடுகினும் பெரிது, மிளகினும் சற்றுச் சிறிது என்று சொல்லத்தக்க எஃகு உருண்டை. அதன் எடை ஒரு கிராமில் மூன்றில் ஒரு பங்கு. அடியிலுள்ள நெம்புகோலைத் தாழ்த்தி உள்ளிருக்கும் சுருள்வில்லை முதலில் அழுத்தி வைத்துக்கொண்டு, பிறகு குழலின் வாயில் அந்த உருண்டையை இட வேண்டும். இட்டவுடனே அது தடதடவென்று விழுந்துவிடுவதில்லை. குழலின் உட்சுவருக்கும் உருண்டைக்கும் இடையேயுள்ள வெளி அவ்வளவு நுண்ணியதாகக் கடைந்து அமைக்கப்பட்டிருப்பதால், கீழே அகப்பட்ட காற்று அந்த இடுக்கின் வழியே கசிந்து மேலேறினால்தான் உருண்டை கீழே இறங்க முடியும். ஆகவே அது மெத்தென்ற காற்றணையின்மேல் அமர்ந்தாற்போல் இரண்டு மூன்று விநாடிகள் நிதானமாக இறங்கிச் சென்று, அடியிலுள்ள சிறு காந்தத்தைத் தொட்டு நிற்கிறது. காதைச் சற்றுக் கொடுத்தால் ‘டிக்’ என்ற அந்த ஒலி கேட்கும். அந்த ஒலி கேட்கும்வரை பொறுத்திருப்பது பயிற்சியின் முதற்பாடம்.

விசையை அழுத்தியவுடன் சுருள்வில் விடுபட்டு ஒரு பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. பிஸ்டனுக்கு முன்னுள்ள காற்று ஒரு க்ஷணத்தில் நசுங்கி, நசுங்கும்போதே சூடேறி, அழுத்தம் மிகுந்து உருண்டையைக் காந்தத்தின் பிடியிலிருந்து விடுவித்து வெளியே எறிகிறது. வெளிப்படும் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 73 மீட்டர். இதன் சக்தியைக் கணக்கிட்டால் ஒரு ஜூலுக்கும் குறைவாகவே வருகிறது. ஒலிம்பிக் பந்தயங்களில் பயன்படும் 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கியின் குண்டோ ஏழெட்டு ஜூல் சக்தியுடன் செல்கிறது.

இவ்வளவு மெதுவாகச் செல்லும் குண்டு 5 மீட்டரைக் கடப்பதற்கு ஒரு விநாடியில் நூற்றில் ஏழு பங்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. அந்நேரத்துக்குள் பூமியின் ஆகர்ஷணம் அதனை 2 சென்டிமீட்டருக்குச் சற்று மேலாகவே கீழிழுத்துவிடும். காற்றின் தடையும் சும்மா இருப்பதில்லை. இலக்கைச் சேர்வதற்குள் வேகத்தில் விநாடிக்கு நான்கைந்து மீட்டர் குறைந்துபோகிறது. ஆயினும் இவ்விரண்டும் சுடுபவருக்கு விரோதிகள் அல்ல. ஒவ்வொரு குண்டும் ஒரே அளவாகத் தாழுமானால், குறி பார்க்கும் துளையை ஒரே அளவாக உயர்த்தி வைத்துவிட்டால் பிழை மறைந்துவிடும். விஞ்ஞானத்தில் மாறாத பிழை என்றும், மாறும் பிழை என்றும் இருவகை சொல்லுவார்கள். மாறாத பிழையை ஒரு திருகாணியைத் திருப்பித் தீர்த்துவிடலாம், மாறும் பிழைக்கோ திருகாணி கிடையாது. பத்துக் குண்டுகளும் இலக்கின் இடப்புறத்தில் ஒரே இடத்தில் நெருங்கிப் பாய்ந்திருக்கும் அட்டையைக் கண்டு தாய் தந்தையர் வருந்தலாம், பயிற்றுநர் மகிழ்கிறார். மையத்தைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் பத்துத் துளைகளைக் கண்டால்தான் அவர் யோசனையில் ஆழ்கிறார்.

மாறும் பிழைகளுள் சில குண்டைச் சேர்ந்தவை. இந்தத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழப்பானது. பெரிய துப்பாக்கிகளின் குழலில் உள்ளது போன்ற திருகு வரிகள் அதில் இல்லை. அதனால் உருண்டைக்கு ஒழுங்கான சுழற்சி கிடைப்பதில்லை. சுழலாத கோளத்தின் பின்னே காற்று சுழித்துச் சுழித்துப் பிரியும்போது, ஒருதரம் இப்பக்கமும் ஒருதரம் அப்பக்கமுமாக அதனை நுண்ணிய அளவில் தள்ளிவிடுகிறது. தூரம் மிகுந்தால் இப்பிழை விரைந்து பெருகும். போட்டியை 5 மீட்டரோடு நிறுத்திக்கொண்டதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

மீதியுள்ள மாறும் பிழைகள் எல்லாம் சுடுபவரின் சரீரத்தைச் சேர்ந்தவை; இங்கேதான் குண்டின் மந்த கதி ஆசிரியராகிறது. குண்டு வெளிப்படும் கணத்தில் குழலின் நுனி விநாடிக்கு ஒரு சென்டிமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் அசைந்துகொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த அசைவும் குண்டோடு கூடவே போகும். இலக்கை அடைவதற்குள் 0.7 மில்லிமீட்டர் விலகிவிடும். அதே அசைவு, விநாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் குண்டெறியும் ஒரு போர்த் துப்பாக்கியில் நேர்ந்திருந்தால், அதே 5 மீட்டரில் விலகல் 0.06 மில்லிமீட்டரைக்கூட எட்டியிராது. வலிமை மிக்க ஆயுதம் தன்னை ஏந்தியவனின் குற்றத்தை மறைத்துவிடுகிறது. வலிமை குன்றிய இச்சிறு கருவியோ அதனைப் பன்னிரண்டு மடங்கு பெரிதாக்கி, கறுப்பு வட்டத்தின்மேல் துளையிட்டுக் காட்டுகிறது. குழந்தைகளுக்குச் சக்தி குறைந்த துப்பாக்கியைக் கொடுப்பது அபாயம் குறைவதற்காக என்றுதான் பொதுவாக எண்ணுகிறோம். அபாயம் குறைவதும் உண்மையே. ஆனால் கற்பிக்கும் திறத்திலும் அதுவே மேலானது என்பதை இந்தக் கணக்கு ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டுகிறது.

இதைச் சார்ந்த இன்னொரு நுட்பமும் உண்டு. விசை விடுபட்டு, வில் விரிந்து, பிஸ்டன் ஓடி, குண்டு குழலை விட்டு நீங்குவதற்குச் சில மில்லி விநாடிகள் கழிகின்றன. குறி இலக்கின்மேல் விநாடிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் அலைந்துகொண்டிருந்தால், 10 மில்லி விநாடியில் அது ஒரு மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். ஆதலால் விசையை அழுத்தியபின் துப்பாக்கியை இறக்கி ‘எங்கே பட்டது?’ என்று எட்டிப் பார்க்கும் ஆவலை அடக்கி, குண்டு பாய்ந்த பின்னும் ஓரிரு விநாடி அதே நிலையில், அதே பார்வையுடன் இருக்கும்படி குழந்தைகளைப் பழக்குகிறார்கள். காரியம் முடிந்துவிட்டது என்று மனம் சொல்லும்போது உண்மையில் அது முடிந்திருப்பதில்லை.

இங்கே பெற்றோருக்கு உதவக்கூடிய ஒரு கணிதத்தையும் சொல்லிவிட வேண்டும். துப்பாக்கியால் விளையும் சிதறல் 1 மில்லிமீட்டர், சிறுவனால் விளையும் சிதறல் 5 மில்லிமீட்டர் என்றால், மொத்தச் சிதறல் 6 அன்று. ஒன்றையொன்று சாராத பிழைகள் வர்க்கங்களாகக் கூடுவதே வழக்கம். 25உம் 1உம் சேர்ந்து 26. அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 5.1. எவ்வளவு பணம் செலவழித்து, பிழையே இல்லாத துப்பாக்கியை வாங்கிக் கொடுத்தாலும் 5.1 என்பது 5 ஆகுமேயன்றி அதற்குக் கீழே இறங்காது. அதே சிறுவன் அப்பியாசத்தால் தன் சிதறலை 3 மில்லிமீட்டராகக் குறைத்துக்கொண்டானானால், பழைய துப்பாக்கியிலேயே மொத்தச் சிதறல் 3.2க்கு வந்துவிடும். விலையுயர்ந்த கருவிகளின்மேல் மோகம் கொள்ளும் எல்லா விளையாட்டுக்களுக்கும் இக்கணக்குப் பொருந்தும்.

சரீரத்தின் அசைவுகளை எடுத்துக்கொண்டால், அவற்றுள் முதலாவது தசையின் நடுக்கம். உழைக்கும் தசை எதுவும் அசையாமல் இருப்பதில்லை; விநாடிக்கு 8 முதல் 12 தடவை வரை அது மெல்ல அதிர்ந்துகொண்டே இருக்கும்; இது நோயன்று, எல்லா உடம்புக்கும் உரிய இயல்பு. எனவே துப்பாக்கியின் பாரத்தைத் தசை தாங்காமல் எலும்பு தாங்கும்படி அமைத்துக்கொள்வதே எல்லா நிலைகளுக்கும் பொதுவான தந்திரம். படுத்த நிலையில் இரு முழங்கைகளும் உடம்பும் நிலத்தில் படிந்து உறுதியான முக்கோணமாகின்றன. ஆகவே புள்ளிகள் மிகுதியாகக் கிடைப்பதும் அந்நிலையிலேதான். நிற்கும் நிலையில் இரண்டு பாதங்களின் சிறிய பரப்பின்மேல் உடம்பு முழுவதும் ஏறி நிற்பதால், கணுக்காலைப் பற்றி முன்னும் பின்னுமாக ஓயாமல் ஊசலாடுகிறது. அதனைத் தணிப்பதற்காக இடுப்பை இலக்கின் பக்கம் சற்று நீட்டி, முதுகைச் சிறிது சாய்த்து, தாங்கும் கையின் முழங்கையை விலாவிலோ இடுப்பெலும்பிலோ ஊன்றிக்கொள்கிறார்கள்.

நிலை சரியாக அமைந்ததா என்று அறிய ஓர் எளிய பரீட்சை உண்டு. குறி பார்த்த நிலையில் கண்களை மூடி, உடம்பைத் தளரவிட்டு, ஒருமுறை மூச்சு வாங்கி விட்டுப் பிறகு கண்ணைத் திறக்க வேண்டும். குறி இலக்கிலேயே இருந்தால் நிலை இயல்பானது. விலகியிருந்தால், கையால் துப்பாக்கியை இழுத்துத் திருத்தக் கூடாது. பாதத்தையோ உடம்பையோ முழுதாக நகர்த்தி அமைக்க வேண்டும். கையால் இழுத்துத் திருத்தியவன் ஒவ்வொரு குண்டுக்கும் தன் தசைகளோடு போராடிக்கொண்டே இருப்பான்.

கண்ணின் செய்தி வேறு. பின்புறத் துளை, குழலின் நுனியிலுள்ள வளையம், இலக்கு ஆகிய மூன்றும் மூன்று தூரங்களில் இருக்கின்றன. மனிதனுடைய கண்ணோ ஒரு சமயத்தில் ஒரு தூரத்தையே தெளிவாகக் காணவல்லது. நுனி வளையத்தைத் தெளிவாகவும், இலக்கின் கறுப்பு வட்டத்தைச் சற்று மங்கலாகவும் காண்பதே சரியான முறை. இலக்கை மங்கலாகப் பார்த்தால்தான் இலக்கில் படும் என்பதைக் குழந்தைகள் எளிதில் நம்புவதில்லை. காரணம் வடிவகணிதத்தில் இருக்கிறது: நுனி வளையத்தில் நேரும் சிறு விலகல், இலக்கின் தூரத்துக்கு ஏற்பப் பல மடங்காகப் பெருகிவிடும், இலக்கின் விளிம்பு மங்கலாயிருப்பதால் நேரும் பிழை அப்படிப் பெருகுவதில்லை. பின்புறத்துச் சிறு துளையும் கண்ணுக்குத் துணை செய்கிறது. குறுகிய துளை வழியே வரும் ஒளி தூரபேதத்தைக் குறைத்துக் காட்டுமாதலால், வளையமும் வட்டமும் ஓரளவு ஒருங்கே தெளிவுபடுகின்றன.

சுவாசத்தை வலிந்து அடக்குவதில்லை. மூச்சை வெளிவிட்டபின் அடுத்த மூச்சுக்கு முன் இயல்பாகவே நேரும் ஓர் இடைவேளையைச் சற்று நீட்டிக்கொள்கிறார்கள். ஏழெட்டு விநாடிக்குமேல் அதனை நீட்டினால் பார்வையின் கூர்மை குறையவும் நடுக்கம் மிகவும் தொடங்கும். அதற்குள் குண்டு போகவில்லையென்றால் துப்பாக்கியை இறக்கிவிட்டு, மூச்சு வாங்கி, முதலிலிருந்து தொடங்க வேண்டும். கைவசம் கிட்டத்தட்ட வந்துவிட்ட ஒன்றை விட்டுவிட்டு மீண்டும் தொடங்குவது பத்து வயதுக் குழந்தைக்கு எவ்வளவு அரிய காரியம் என்பதை, குழந்தைகளோடு பழகியவர்கள் அறிவார்கள். நன்றாகச் சுடும் சிறுமி ஒருத்தி துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்துகிறாள்; கன்னம் கட்டையில் படிகிறது; மூச்சு அடங்குகிறது; விரல் விசையில் மெல்லப் பதிகிறது; பிறகு ஏதோ ஒன்று ஒவ்வாமல் விரலை எடுத்து, முனையை இலக்கின் திசையிலேயே வைத்துக்கொண்டு, துப்பாக்கியைத் தாழ்த்திவிடுகிறாள். காண்போருக்கு ஒன்றும் நடக்கவில்லை. இந்த விளையாட்டில் நடக்கக்கூடியவற்றுள் மிகச் சிறந்தது அப்போது நடந்துவிட்டது என்பது என் அபிப்பிராயம்.

நாடித் துடிப்பையும் மறக்கலாகாது. இருதயம் ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் உடம்பு முழுவதும் ஓர் அதிர்வு பரவுகிறது; படுத்த நிலையில் தோல்வாரை மேற்கையில் இறுகக் கட்டிக்கொண்டால், அங்குள்ள தமனியின் துடிப்பு வாரின் வழியாகத் துப்பாக்கியில் ஏறி, நுனி வளையம் துள்ளுவதைக் கண்ணாலேயே காணலாம். தேர்ந்த வீரர்கள் இரண்டு துடிப்புக்களுக்கு இடைப்பட்ட அமைதியான பொழுதில் விசையை அழுத்தும் போக்குடையவர்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள். குழந்தைகளின் நாடி நம்முடையதைவிட வேகமானது. அந்த அமைதியான இடைவேளை அவர்களுக்கு இன்னும் குறுகியது. இருதயத்தின் வேகத்தைத் தணித்து நடுக்கத்தைப் போக்கும் மருந்துகள் இவ்விளையாட்டில் தடை செய்யப்பட்டிருப்பதற்குக் காரணமும் இதுவே. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கைத்துப்பாக்கிப் பந்தயங்களில் இரண்டு பதக்கங்கள் பெற்ற வட கொரிய வீரர் ஒருவர், அத்தகைய மருந்தை உட்கொண்டதாகத் தெரிந்து இரண்டையும் இழந்தார்.

குழந்தைகள் கையில் துப்பாக்கியா என்று கேட்பவர்களின் அச்சத்தை நான் இலேசாக எண்ணவில்லை. துப்பாக்கிகளால் குழந்தைகள் மடியும் துயரம் மிகுந்த ஒரு நாட்டிலேதான் இப்போட்டியும் நடக்கிறது. ஒரு ஜூலுக்கும் குறைந்த சக்தியுடைய எஃகு உருண்டைகூட ஒரு கண்ணைக் கெடுத்துவிடப் போதுமானது. கடினமான பரப்பில் பட்டால் எய்தவரை நோக்கியே திரும்பி வரக்கூடியது. அதனாலேயே களத்தில் கண்ணாடி அணிவது கட்டாயம். குண்டு நிறைந்ததாகவே எந்தத் துப்பாக்கியையும் கருதுதல், முனையை எப்பொழுதும் தீங்கற்ற திசையிலேயே வைத்தல், சுடும் கணம் வரை விரலை விசைக்கு வெளியே வைத்தல் என்ற விதிகளுள் ஒன்றை மீறிய சிறுவன், எவ்வளவு திறமைசாலியானாலும், களத்தை விட்டு வெளியேற வேண்டியதுதான். வீட்டுக் கொல்லையில் துணையின்றிக் குருவியைத் துரத்தும் சிறுவனுடைய காற்றுத் துப்பாக்கியை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் அதனையும் இக்களத்தையும் ஒன்றென எண்ணிவிடுவது நியாயமாகாது.

இவர்களுள் ஊக்கமுடையோர் அடுத்த படியாகச் செல்வது 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிக்கு. அங்கே குழலில் திருகு வரிகள் உண்டு. குண்டு ஈயத்தால் ஆனது. இடை சிறுத்து, பின்புறம் பாவாடைபோல் விரிந்து, பூப்பந்தாட்டத்தில் இறகுப்பந்து தன் தலையை முன்வைத்துப் பறப்பது போலப் பறக்கும். அதன் தட்டையான முகம் காகிதத்தைக் கிழிக்காமல் வட்டமாக வெட்டி எடுக்கும். ஈயத்தைத் தொட்ட கையை நன்றாகக் கழுவிய பிறகே எதையும் உண்ண வேண்டும் என்பது அங்குள்ள விதிகளுள் ஒன்று. 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இப்பந்தயம் இடம்பெற்றது. 2008இல் அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்குத் தங்கம் கொணர்ந்தது இதிலேதான். கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் 2018இல் சிட்னி நகரில் இளையோருக்கான உலகக் கோப்பைப் போட்டியில் தங்கம் வென்றதும் இதே பந்தயத்தில்.

இதில் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அகலமே உடையது. வளையங்களின் அகலம் 2.5 மில்லிமீட்டர், இறுதிச் சுற்றில் அதையும் பத்துக் கூறாக்கி, ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9 என்று கணக்கிடுகிறார்கள். ஆகவே 0.1 புள்ளி என்பது கால் மில்லிமீட்டர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மகளிர் இறுதிச் சுற்று முடிந்தபோது, தென் கொரியாவின் பான் ஹியோ-ஜின்னும் சீனாவின் ஹுவாங் யூதிங்கும் 251.8 என்ற ஒரே எண்ணில் நின்றார்கள். மேலும் ஒவ்வொரு குண்டு சுட்டதில் ஒருவருக்கு 10.4, மற்றவருக்கு 10.3. தங்கம் பெற்ற பான் ஹியோ-ஜின்னுக்கு அப்போது வயது 16. அவர் முதன்முதலாகத் துப்பாக்கியைக் கையில் எடுத்தது 2021ஆம் ஆண்டில்.